எல்லோரும் உடுத்தி வந்த ஞாயிறு

எக்பர்ட் ஹனோவரில் முப்பத்தாறு வருடம் டிராம் ஓட்டியவர். கழுத்து வரை பொத்தான் போட்ட நீலச் சீருடை, டை, தலையில் தொப்பி. மனைவி ரோஸ்விதா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டாள். ஊருக்கு வெளியே ஹீத் என்கிற காட்டுக்குள், உடையில்லாமல் வெயில் காய்கிறவர்கள் சங்கம் வைத்திருந்த அந்த ஏரி முதலில் அவளுக்குத்தான் தெரியும். வாரம் பூராவும் ஊரார் துணியோடு மல்லுக்கட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு துணியும் கண்ணில் படக்கூடாது என்று சொல்லி, கல்யாணமான மறு வருடம் அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் நாள் எக்பர்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சாக்ஸை மட்டும் கழற்றாமல் புல்வெளியில் நின்றார். தெரியாத ஐம்பது பேருக்கு முன்னால் மனிதன் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாமா?

"அந்த சாக்ஸுக்குள்ள அப்படி என்னத்த ஒளிச்சு வெச்சிருக்க?" என்று ரோஸ்விதா ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றைக்குச் சங்கத்து ஆளானவர்தான், அப்புறம் நாற்பத்திரண்டு கோடையில் ஒரு கோடை தவறவில்லை.

பைன் மரங்களுக்கு நடுவே அறுபது கேரவன், ஒரு கைப்பந்து மைதானம், ஏரிக்குள் நீளும் ஒரு மரப்பாலம். உட்கார அவரவர் துண்டு. வாசலைத் தாண்டினால், குளிர் அடித்தாலொழிய, யார் உடம்பிலும் நூல் இருக்கக் கூடாது என்பதுதான் விதி. அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியவர் எக்பர்ட். சங்கத்துக் காவலர் பொறுப்பு அவரிடம் வந்தபிறகு, நீச்சலுடையோடு வந்து நின்றவர்களை வாசலிலேயே மடக்கினார். வடக்கே கடற்கரைகளில் இஷ்டப்பட்டவர் உடுத்தலாம், இஷ்டப்பட்டவர் கழற்றலாம் என்று விட்டுவிட்டார்களே, அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு ஆகாது. ஒருத்தன் உடுத்திக்கொண்டு உட்கார்ந்தால் அவன் வேடிக்கை பார்க்கிறவன், மற்றவர்கள் எல்லாம் வேடிக்கைப் பொருள் என்பார். இங்கே கம்பெனி டைரக்டரும் டிராம் ஓட்டுகிறவனும் ஒன்று, அது துணி இல்லாததால்தான் என்பார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஆனால் நியாயத்தைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு காரியம் செய்தார். சங்கத் தலைவி அன்னெக்ரெட்டின் தங்கை ஹெட்விக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி, மலம் சேர வயிற்றோரம் பை ஒன்றை மாட்டி அனுப்பியிருந்தார்கள். இடுப்பில் ஒரு துணி சுற்றிக்கொள்கிறேன் என்று கேட்டாள். இங்கே யாரும் உன்னைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள், அப்புறம் எதற்கு மறைப்பு என்று எக்பர்ட் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னாலும் அவர் சொன்னது முடியாது என்பதுதான். ஹெட்விக் துண்டை மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு போனாள். மறு கோடைக்கு அவள் உயிரோடு இல்லை. அன்னெக்ரெட் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ரோஸ்விதாவுக்கு மறதி நோய் வந்தது எழுபதாவது வயதில். அடுப்பை மறந்தாள், மகன் இருக்கிற ஊரை மறந்தாள், பக்கத்து வீட்டுக்காரியை மறந்தாள். ஏரியை மறக்கவில்லை. அங்கே கூட்டிப்போனால் நன்றாகத் தூங்கினாள், உருளைக்கிழங்கு சாலட்டை இரண்டு முறை கேட்டு வாங்கினாள், ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வம்பிழுத்தாள். பழகிய இடத்தை மட்டும் மாற்றாதீர்கள் என்று டாக்டரும் சொன்னார். எக்பர்ட்டுக்கு அவள் பழைய ரோஸ்விதாவாகக் கிடைப்பது அந்த ஒரு இடத்தில்தான். அதை இழந்தால் அவளையே இழந்த மாதிரி.

இந்த வருடம் மே மாதம் ஏரிக்குப் போனபோது அவள் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றாள். பொத்தானில் கை வைத்தால் அடித்தாள். அம்மா பார்த்தால் கொன்றுவிடுவாள் என்றாள். அந்த அம்மா செத்து முப்பது வருடம். கொளுத்துகிற வெயிலில் கம்பளிச் சட்டையும் பாவாடையுமாகத் துண்டின் மேல் உட்கார்ந்து, சுற்றியிருந்த அம்மணமான சிநேகிதர்களோடு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவர்கள்தான் நெளிந்தார்கள். மூன்றாவது வாரம், பெயர் போடாமல் ஒரு புகார்க் கடிதம் காவலர் பெட்டியில் விழுந்தது. காவலர் எக்பர்ட்தான்.

சங்கக் கூட்டம் கூட்டச் சொல்லி அவரே கேட்டார். புல்வெளியில் துண்டுகளை விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ரோஸ்விதா கேரவனில் தூங்கினாள்.

"அவளால முடியல. அவ மட்டும் சட்டையோட இருந்துட்டுப் போகட்டும். நான் கேக்குறது அவ்வளவுதான்" என்றார்.

"ஹெட்விக்கும் அவ்வளவுதான் கேட்டா, எக்பர்ட்" என்றாள் அன்னெக்ரெட்.

எக்பர்ட் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடம் அங்கே உடையில்லாமல் உட்கார்ந்தவருக்கு அன்றுதான் கூச்சம் வந்தது.

"ஆமா, கேட்டா. நான் தப்பு பண்ணிட்டேன்."

"அதை அவகிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள் அன்னெக்ரெட்.

சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்துத் துண்டில் மூக்கைத் துடைத்தாள். ஒருத்திக்கு மட்டும் சலுகை என்றால் அது பிச்சை போடுகிற மாதிரி இருக்கும், விதியையே மாற்றுவோம், இனி இஷ்டப்பட்டவர் உடுத்தட்டும் என்றாள். நான்கு பேர் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். எக்பர்ட்டும் தூக்கினார். மறுநாள் அவரே திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையைக் கழற்றினார்.

அத்தோடு விட்டிருந்தால் தேவலை. நல்ல மனசுக்காரர்கள் ஒன்றோடு நிற்க மாட்டார்களே. ரோஸ்விதா தனியாக உடுத்திக்கொண்டு உட்கார வேண்டாம், வருகிற ஞாயிறு நாமெல்லோருமே உடுத்தி வருவோம் என்று அன்னெக்ரெட் ஒருவர் விடாமல் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்ட எக்பர்ட் ஏரிக்கு உடுத்துவதற்கென்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு இருவரும் வாசலைத் தாண்டினார்கள். புல்வெளி முழுக்கப் பூப்போட்ட கவுன்களும் கட்டம் போட்ட சட்டைகளும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கோட்டே போட்டிருந்தார். எல்லோரும் எழுந்து கையாட்டினார்கள். ரோஸ்விதாவின் நடை நின்றது.

"இவங்கல்லாம் யாரு?"

நீல கவுனில், கையில் ஸ்ட்ராபெரி கேக் தட்டோடு அன்னெக்ரெட் முன்னால் வந்தாள். "நான்தான் ரோஸ்விதா. அன்னெக்ரெட்."

ரோஸ்விதா மரியாதையாகத் தலையசைத்தாள். "அன்னெக்ரெட் என் சிநேகிதிங்க. அவ இன்னும் வரல போல."

எப்படித் தெரியும்? இந்த மனிதர்கள் உடுத்தி அவள் எப்போது பார்த்தாள்? அன்னெக்ரெட் என்றால் அவளுக்குத் தொடையில் நீளமான தையல் தழும்பு, வெயிலில் புள்ளி விழுந்த தோள்கள். வாத்தியார் என்றால் பானை வயிறு. மிச்சமிருந்த கொஞ்ச நினைவும் அந்த உடம்புகளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தது. அதன் மேல் இவர்கள் அன்போடு துணியைப் போர்த்திவிட்டார்கள்.

ரோஸ்விதா பக்கத்தில் நின்றவரின் கையை விட்டாள். இஸ்திரி போட்ட சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டில் அந்தச் சட்டைக்காரரை அவளுக்குத் தெரியும். ஏரிக்கரையில் அப்படி ஒருவர் கிடையாது.

"ஐயா, என் வீட்டுக்காரரைப் பாத்தீங்களா? பாலத்துக்கிட்ட இருப்பாரு. இங்க வந்தா உடுப்பே போட மாட்டாரு."

பார்த்துக் கூட்டிவருகிறேன் என்று எக்பர்ட் சொன்னார். கேரவனுக்குப் பின்னால் போய், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பாலத்துப் பக்கமாகச் சுற்றி நடந்து வந்தார்.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்றாள் ரோஸ்விதா. முகமே மலர்ந்துவிட்டது. "இவங்களை முதல்ல போகச் சொல்லு. நம்ம ஆளுங்க உக்கார்ற இடம் இது."

எல்லோருக்கும் கேட்டது. அன்னெக்ரெட் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கவுனின் பொத்தான்களை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவசர அவசரமாகக் கழற்றினார்கள். முன்பின் தெரியாத ஒரு கூட்டம் தன்னைச் சூழ்ந்து நின்று துணியை அவிழ்ப்பதைப் பார்த்த ரோஸ்விதா அலறினாள். கம்பளிச் சட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, எக்பர்ட்டின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினாள். அரை மணி நேரம் ஆயிற்று அந்த நடுக்கம் அடங்க.

அடுத்த ஞாயிறு பழையபடியே இருப்போம், வாங்க என்று அன்னெக்ரெட் தூரத்தில் நின்று சொன்னாள். எக்பர்ட் சரி என்று தலையாட்டினார். வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். ரோஸ்விதாவுக்கு எல்லாம் மறந்தாலும் பயம் மறப்பதில்லை. குளிர்காலத்தில் பல் டாக்டரிடம் ஒருமுறை பயந்தாள், இன்றுவரை அந்தத் தெருவுக்குள்ளேயே கால் வைக்க மாட்டேன் என்கிறாள்.

காரில் முன்சீட்டில் அவளை உட்கார வைத்தார். கதவோரம் நின்று கால்சட்டையை மாட்டினார், சட்டையை மாட்டினார். அதுவரை அவர் இடுப்பில் கை வைத்திருந்தவள், அவர் மேல் பொத்தானைப் போடும்போது மெல்லக் கையை இழுத்துக்கொண்டாள்.

"இருங்கய்யா, என் வீட்டுக்காரரும் வந்துரட்டும். சொல்லாம கிளம்பிட்டா பாவம், தேடிட்டு இருப்பாரு" என்றாள்.

"சொல்லிட்டேன்மா, அவருக்குத் தெரியும்" என்று சொல்லி, எக்பர்ட் வண்டியைக் கிளப்பினார்.