வாங்க மறுத்த நோட்டீஸ்

பிடிபட்ட வண்டிகளை நிறுத்தி வைக்கிற ஆபீசில், கூட்டிப் பெருக்குகிற என்னிடம்தான் எல்லாரும் முதலில் சட்டம் கேட்பார்கள். அரசாங்க வராந்தாவில் கால்கடுக்க நின்றிருக்கிற உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

வண்டிக்குப் பொட்டு

மாதம்மா நல்லம்பள்ளிப் பக்கம் கீரை விற்கிறவள். அவளுடைய மொபெட்டில் அவள் தம்பி சாராயம் கொண்டுபோய் மாட்டிக்கொண்டான். வண்டி எங்கள் காம்பவுண்டுக்கு வந்துவிட்டது. செவ்வாய்தோறும் பஸ்ஸில் வந்து, ஈரத்துணியால் அதைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டுப் போவாள்.

"இப்போதைக்குப் புடிச்சுத்தான் வெச்சிருக்காங்க. பறிமுதல்னு உத்தரவு போட்டுட்டா இது அரசாங்கத்து வண்டி. ஏலத்துல வுட்டுருவாங்க" என்று சொன்னேன்.

துணியைப் பிழிந்தபடியே கேட்டாள்: "தப்புப் பண்ணுனது எந்தம்பி. வண்டி என்னங்க்கா பண்ணுச்சு?"

திரும்பி வந்த தபால்

ஒரு நாள் கிளார்க் மேசையில் மாதம்மா பெயர் போட்ட கவர்; பறிமுதல் செய்யுமுன் விளக்கம் கேட்டு அனுப்பிய நோட்டீஸ். 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திரும்பியிருந்தது. உடனே போன் போட்டேன். "கையெழுத்துப் போட்டு வாங்குனா வண்டிய எழுதிக் குடுத்த மாதிரின்னு ஜாமீன்ல வந்த தம்பி சொன்னானுங்க்கா" என்றாள்.

கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுதுங்கம்மா. எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு அவங்க எழுதித் தரலைன்னா, நாளைக்குப் பறிமுதல்தான்."

நாலு அம்பது

நான் போனில் வரச் சொன்னதும் மாதம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். காகிதம் வாங்கி எழுதத் தொடங்கியவள், யார் எடுத்துப் போனது என்கிற இடத்தில் நின்றுவிட்டாள்.

"அவம் பேர நானே எழுதணுமுங்களா?"

"எழுதாட்டி உங்களுக்கும் தெரிஞ்சுதான் நடந்துச்சுன்னு ஆயிடும்" என்றார் கிளார்க்.

அவள் என்னைப் பார்த்தாள். 'முருகா, முருகா' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் கூடப்பிறந்தவன் இருக்கிறான். ஆனால் அவள் அரூர் போயிருந்த நாளில், ஆணியில் மாட்டியிருந்த சாவியை அவள் தம்பி கேட்காமல் எடுத்தது நிஜம். அதை எழுதினாள். தம்பி பெயரையும் எழுதினாள். அஞ்சுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது சீல் விழுந்தது.

விசாரணை முடிந்து வண்டியை விட்டுவிட்டார்கள். சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் என்னிடம் சொன்னாள்: "வண்டி வந்துருச்சுங்க்கா. அவன்தான் இனிமே என் வூட்டுப் படி ஏற மாட்டேன்னுட்டான்."

ஒரு பழைய மொபெட்டைப் பறிக்கக்கூட நோட்டீஸ் அனுப்பிக் கெடு வைக்கிற சட்டம், சொந்தபந்தம் பறிபோகிற விஷயத்தில் மட்டும் யாருக்கும் ஒரு தபால் போடுவதில்லை.