கேரியின் துப்பாக்கியும் தனபால் மாமாவின் பிரியாணி டப்பாவும்

எங்கள் பக்கத்து வீட்டு வாசல் கதவில் ஒரு பலகை தொங்குகிறது. கைத்துப்பாக்கியின் படம் போட்டு, அதன் கீழே "நாங்கள் போலீஸைக் கூப்பிடுவதில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வாராவாரம் குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்கு இழுத்துப் போகும்போது அதைப் படிக்கிறேன். வேலூரில் ஒரு நாளிதழில் செய்தி எழுதியும் திருத்தியும் பழகிய கண் இது, எழுத்தைக் கண்டால் சும்மா இருக்காது. பலகையில் பிழை இல்லை, வெட்டுவதற்கும் ஒன்றுமில்லை. டெக்ஸஸுக்கு வந்த புதிதில் அதை நம் ஊர் "நாய்கள் ஜாக்கிரதை" பலகையோடு சேர்த்துவிட்டேன். ஆம்பூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படி எழுதியிருந்தது. ஆனால் இருந்த நாய்கள் எல்லாம் தெருவில்தான் இருந்தன, அந்தப் பலகைகளின் நிழலில் படுத்துக்கொண்டு. பலகை இருந்தால் பொருள் இருக்காது என்பதுதான் நான் வளர்ந்த ஊரின் நடைமுறை. இங்கே எழுதியிருப்பது உள்ளே இருக்கிறது. பக்கத்து வீட்டு கேரி ஒருநாள் வேலிக்கு மேலாக அதைச் சொன்னார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், என் கறிவேப்பிலைச் செடிக்கு நான் இல்லாத நாளில் தண்ணீர் ஊற்றுகிறவர். தெருக்கோடி வீட்டில் யாரோ புகுந்து டிவியைத் தூக்கிப் போய்விட்டார்களாம். "என் வீட்டுக்குள் வந்தால் சுடுவேன். சட்டம் என் பக்கம்" என்றார். நாளை மழை வரும் என்பது போன்ற குரல்தான். கணவரிடம் சொன்னேன். அவர் காலணி இறக்குமதி நிறுவனத்தில் தரம் பார்க்கிறவர், எதையும் திருப்பிப் பார்க்காமல் கருத்துச் சொல்ல மாட்டார். "நாம அவர் வீட்டுக்குள்ள போகப் போறதில்லையே" என்றார். அப்போது தனபால் மாமா டெக்ஸஸுக்கு வந்திருக்கவில்லை.

தனபால் மாமா என் அம்மாவின் தம்பி. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கேட் சூப்பர்வைசராக இருந்தவர். அந்த டேனரி முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். அவரிடம் லைசென்ஸ் வாங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதைத் துடைப்பது, எண்ணெய் போடுவது, ஆயுத பூஜையன்று பொட்டு வைப்பது எல்லாம் மாமாவின் பொறுப்பு. அன்றைக்கு மட்டும் ஹாஜியாரே அதை அறையிலிருந்து எடுத்து வந்து கொடுப்பார். மாமா இரண்டு கையையும் நீட்டி வாங்குவார். தொழிலாளிகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தத் துப்பாக்கி யாரையும் சுட்டதில்லை. சுட அதற்கு நேரமும் இல்லை. தேர்தல் தேதி அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிவு வந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி, நடுவில் யாராவது செத்துப்போனால் இடைத்தேர்தல் என்று நம் நாட்டில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். மாமா துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றி, டிவிஎஸ் வண்டியின் பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்து, அதைக் குழந்தை போல அணைத்துக்கொள்ளச் சொல்லி, பஜார் வழியாக ஸ்டேஷனுக்குப் போவார். பஜாரில் எல்லோரும் பார்ப்பார்கள். அவரைத் தெரிந்த காய்கறிக்காரர்கள் "எலெக்ஷனா தனபாலு?" என்று கேட்பார்கள். உண்மையில் அது ஸ்டேஷனில் குடியிருந்தது, டேனரிக்கு விருந்தாளியாக வந்து போனது.

திருடன் வந்ததும் அப்படியொரு தேர்தல் நேரத்தில்தான். வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகைக்காக டேனரி மூடியிருந்தது. பாலாற்றுப் பக்கச் சுவரின் மேல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், தோளில் பதனிட்ட ஆட்டுத்தோல் கட்டு. மாமா கையில் சாப்பாட்டு எச்சில் மட்டும்தான் இருந்தது. "டேய், அங்கியே இரு! துப்பாக்கிய எடுத்துட்டு வர்றேன்!" என்று கத்தினார். சுவர் மேல் இருந்தவன் அசையவில்லை. "ரிசல்ட்டு வரட்டும்ணே, அப்புறமா எடுத்துட்டு வா. நீ ஸ்டேஷனுக்குப் போவசொல்ல நான் டீக்கடையிலதான் நின்னுகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்த வேகத்தில் தோள் குலுங்கி, கட்டு நழுவி டேனரிக்குள்ளேயே விழுந்துவிட்டது. அவன் மறுபக்கம் குதித்துப் போய்விட்டான். நான்கு வரிச் செய்தியாக நானே அதை எழுதினேன். ஆனால் மாமா கண்டுபிடித்த தலைப்பு வேறு. "பாத்தியா, ஸ்டேஷன்ல இருந்துகினே காவல் காத்துக்குது நம்ம துப்பாக்கி" என்று இன்றுவரை சொல்கிறார்.

அந்த மாமா ஓய்வு பெற்று, ஆறு மாத விசாவில் எங்களைப் பார்க்க வந்தார். முதல் நாளே கேரியின் பலகையைக் கண்டுகொண்டார். "இன்னாமா, லைசென்ஸ் நம்பரே காணமே?" என்றார். இந்த ஊரில் பல துப்பாக்கிகளுக்கு லைசென்ஸே தேவையில்லை என்றேன். பொய் சொல்கிற மருமகளைப் பார்ப்பது போலப் பார்த்தார். வாசலில் அறிமுகம் செய்து வைத்தபோது கேரி கை குலுக்கினார், மாமா கும்பிட்டார். நான் மாமாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னேன்: யார் வீட்டுக்குள்ளும் கூப்பிடாமல் போகக் கூடாது. சரி என்று தலையாட்டினார். அவர் தலையாட்டலையும் ஆம்பூர் நாய்ப் பலகைகளோடு சேர்த்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமாவே சீரகச் சம்பா அரிசி தேடிப் பிடித்து ஆம்பூர் பிரியாணி செய்தார். தம் உடைத்ததும் பக்கத்து வீட்டுக்கு ஒரு டப்பா போக வேண்டும் என்பது அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கூப்பிட்டுக் கையில் கொடுத்தால் "எதுக்குங்க சிரமம்" என்று மறுப்பார்கள், அதனால் பின்கதவு வழியாகப் போய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். ஆம்பூரில் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். கூப்பிட்டுவிட்டுப் போகிறவர் கடன் கேட்க வருகிறவர். நான் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பினால் மேஜையில் ஒரு டப்பாவும் பச்சடிக் கிண்ணமும் குறைகிறது, எங்கள் பின்கதவு திறந்திருக்கிறது, வேலிக் கதவு ஆடிக்கொண்டிருக்கிறது. ஓடினேன். கத்தி கையில் இருந்ததைப் பாதி வழியில்தான் கவனித்து, புல்லில் போட்டேன்.

கேரி வீட்டின் பூட்டாத பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்தது இது. மேஜை மேல் பிரியாணி டப்பா. ஃப்ரிட்ஜ் திறந்திருந்தது. தயிர்ப் பச்சடி வெயிலில் புளித்துவிடும் என்று மாமா அதற்கு உள்ளே இடம் ஒதுக்கியிருந்தார், கேரியின் பால் கேன் தரையில் நின்றது. சமையலறை வாசலில் கேரி, காலில் ஒரு செருப்பு மட்டும், கையில் நீளத் துப்பாக்கி. அதன் வாய் மாமாவின் பனியனைப் பார்த்தது. "ஹேண்ட்ஸ்! ஹேண்ட்ஸ்!" என்று கத்தினார். முன்வாசல் வெளிச்சத்தில் கும்பிட்ட மனிதரை ஃப்ரிட்ஜுக்குள் தலை விட்டிருக்கும் மனிதரோடு அவர் பொருத்திப் பார்க்கவில்லை. மாமாவுக்குத் துப்பாக்கியை ஒருவர் எடுத்து வந்து நீட்டினால் ஒரே பொருள்தான். ஆயுத பூஜை முகத்தோடு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வாங்கிக்கொள்வதற்காக ஓரடி முன்னால் போனார்.

என் வாழ்க்கையில் நான் தயாரித்த மிக மோசமான செய்தி அறிக்கையை அப்போதுதான் கத்தினேன். "கேரி, டோன்ட் ஷூட்! ஹி இஸ் மை அங்கிள்! இட் இஸ் பிரியாணி!" மூன்றாவது வாக்கியத்தை வெட்டியிருக்கலாம். கேரியின் கண் என்னிடம் வந்தது, மாமாவின் வெறும் உள்ளங்கைகளுக்குப் போனது, பிறகு டப்பாவுக்கு. துப்பாக்கிக் குழல் மெதுவாகத் தரையைப் பார்த்தது. அவர் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார், அவை பால் கேன் பக்கம் உருண்டன. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கும்மா இப்பிடிக் கத்துற? ஆசையா காட்ட வந்தாரு மனுஷன்" என்றார் மாமா. பிறகு குனிந்து, கையால் தொடாமல், துப்பாக்கியை ஆராய்ந்தார். "நல்ல பீஸுதான். எண்ணெய்தான் கம்மி. எலெக்ஷனுக்கு எந்த ஸ்டேஷன்ல குடுப்பாரு, கேளு."

கேட்டேன். என் துப்பாக்கியை நான் ஏன் போலீஸிடம் கொடுக்க வேண்டும் என்றார் கேரி. பின்னே, தேர்தல் எப்படி நடக்கும் என்றார் மாமா. இருவரும் ஒருவரையொருவர் மிகுந்த அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நின்ற நான் பால் கேனை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து மூடினேன்.

சாயங்காலம் டீயோடு உட்கார வைத்து, அந்தத் துப்பாக்கி காட்டுவதற்காக வந்ததில்லை, இன்னும் ஓரடி போயிருந்தால் சுட்டிருப்பார் என்று சொன்னேன். மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "பிரியாணி எடுத்துட்டுப் போனவனையா?" என்றார். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருந்தது. இரண்டு நாள் மாமா பின்பக்கம் போகவே இல்லை. மூன்றாவது நாள் கேரிதான் வந்தார், கழுவிய டப்பா நிறையப் பீச் பழங்களோடு. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவரைக் கொன்றிருப்பேன், ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா அவரைக் கைபிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போனார். பின்கதவைக் காட்டி, கதவைத் தட்டுவது போல நடித்து, வேண்டவே வேண்டாம் என்று கையசைத்து, ஃப்ரிட்ஜையும் திறந்து காட்டினார். மறுநாள் கேரியின் பலகைக்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "அங்கிளுக்கு விலக்கு." அதிலும் நான் திருத்த ஒன்றுமில்லை. பலகையும் துப்பாக்கியும் அப்படியே இருக்கின்றன.

மாமா ஊருக்குப் போய்விட்டார். கேரி இப்போது எங்கள் பின்கதவைத் தட்டுவதில்லை. முதல் தடவை அவர் முதுகை என் ஃப்ரிட்ஜ் முன்னால் பார்த்தபோது நான் தோசைத்திருப்பியை ஓங்கிவிட்டேன். அவர் தயிர் டப்பாவோடு திரும்பி, இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார்.

போன விடுமுறையில் ஆம்பூர் போனேன். உள்ளாட்சித் தேர்தல் தேதி அறிவித்திருந்தார்கள், ஹாஜியாரின் துப்பாக்கி வழக்கம்போல் ஸ்டேஷனில். மாமா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே டிவி ஓடியது. நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். பையை இரண்டு கைகளாலும் வெளிச்சத்தில் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "மாமா, நான்தான்! உள்ள வரலாமா?" என்று குரல் கொடுத்தேன்.

"யாரு, கொரியரா?" என்றார் உள்ளேயிருந்து அத்தை.

"கொரியர் இல்லடி, நம்ம பொண்ணு. அது அங்க பழகிடுச்சி, கூப்டாதான் வரும்" என்றார் மாமா. எழுந்து வரவில்லை. எதற்கு வர வேண்டும், கதவு திறந்துதானே இருக்கிறது. எனக்குத்தான் கால் எழவில்லை. அந்த நேரத்தில் டெக்ஸஸில், கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்ற வந்த கேரி, யாரையும் கூப்பிடாமல், என் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.