புணானையில் கொதித்த வீட்டு பஸ்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்றை வாங்கி அதை வீடாக மாற்றினார்.

எங்கள் ஊரான கிரானில், எங்கள் வளவில், நெல் காயப்போடும் இடத்தில்தான் அந்த வேலை நடந்தது. பின்பக்க இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை அடித்தார். ஒரு காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி, கூரைமேல் தண்ணீர்த் தாங்கி, ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பாசிக்குடாக் கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் இப்படியான வாகனத்தில் படுத்தெழும்பி நாடு சுற்ற ஆசைப்படுகிறார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வீடு வாசல் உள்ளவர்கள் எதற்காகப் பஸ்சில் படுக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். எஞ்சினைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மாமா புதிதாக நிறம் பூசினார்.

விமான நிலையத்துக்குப் போய் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தை ஏற்றிவருவதுதான் வீட்டு பஸ்சின் முதல் பயணம். அம்மாவும் கூடப் போகிறா என்றார்கள். நானும் வருவேன் என்று நிலத்தில் விழுந்து அழுதேன். அப்பா வேண்டாமென்றார். அம்மாதான், "அவளாவது வரட்டும்" என்றா. என் தம்பி அப்பாவோடு நிற்பதென்று முடிவானது. புறப்படும்போது அம்மா அவனை விடாமல் கொஞ்சிக்கொண்டிருந்தா. பயணம் போகிறவள் நான், கொஞ்சல் முழுக்க அவனுக்கா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மாவுக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு என்று நான் கேட்டதற்கு, "வீட்டு பஸ்தானே, வீட்டுச் சாமான் வேணாமா?" என்று மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து புறப்பட்டோம். ஓட்டமாவடிப் பாலம் தாண்டும்வரை நான் படுக்கையில் உருண்டு, திரையைத் திறந்து, மூடி, தொட்டியின் குழாயைத் திருகி, பேச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கடைத்தெருவைக் கடந்து நேரான வீதி வந்ததும் மாமா வேகம் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய முதுகு நிமிர்ந்தது. சூடு காட்டும் முள்ளை விரலால் தட்டிப் பார்த்தார். அது சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்தினார். எஞ்சின், சாரதி ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு மூடிக்குக் கீழே இருந்தது. அதைத் தூக்கியதும் அடித்த வெக்கையில் நான் பின்னுக்குப் போனேன். மாமா பெல்ட்டைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், நிலத்தில் தண்ணீர் ஒழுகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. அதற்குள் முள்ளும் கீழே இறங்கிவிட்டது. தண்ணீர் குறையவுமில்லை, ஒழுகவுமில்லை, பிறகு ஏன் கொதிக்கிறது என்று தனக்குள்ளே சொன்னார். திரும்பவும் ஓடினோம். மெதுவாகப் போனபோது முள் நல்ல பிள்ளையாக நடுவில் நின்றது. வேகம் எடுத்ததும் ஏறியது.

புணானைக் காட்டை நெருங்கும்போது மாமா எல்லா ஜன்னல்களையும் திறக்கச் சொல்லிவிட்டு ஹீற்றரைப் போட்டார். குளிர் நாட்டு மனிதர்களுக்காக ஜப்பானில் பூட்டிய ஹீற்றர் அது. எங்கள் நாட்டில் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கொதிக்கிற வெயிலில் அது எங்கள் கால்களின்மேல் நெருப்புக் காற்றை ஊதியது. மாமாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"எஞ்சின்ர சூட்டை நாம கொஞ்சம் வாங்கினா அது கொஞ்சம் ஆறும்" என்றார் அவர். வியர்வை அவருடைய நாடியிலிருந்து சொட்டியது. அம்மா என் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தா. வீதியின் இரண்டு பக்கமும் பற்றைக்காடு. யானை படம் போட்ட மஞ்சள் பலகை ஒன்று கடந்தது. அடுத்ததும் கடந்தது. மூன்றாவது பலகைக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிக்குள்ளிருந்து கேத்தல் கொதிப்பதுபோல ஒரு இரைச்சல் வந்தது. இடுக்குகளால் வெள்ளை ஆவி கிளம்பியது. நான் கத்திக்கொண்டு படுக்கைக்கு ஓடினேன். பஸ் எரியப் போகிறது என்றுதான் எனக்குப் பட்டது.

மாமா பஸ்சைப் புல்லில் இறக்கி நிறுத்தினார். ரேடியேற்றர் மூடியைத் தொடாமல் அப்படியே காத்திருந்தார். அதை இப்போது திறந்தால் முகம் வெந்துவிடும் என்றார். எதிரே வந்த லொறி ஒன்று வேகத்தைக் குறைத்தது. அதன் சாரதி வெளியே தலையை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ சொல்லிக் காட்டுப் பக்கம் கை காட்டிவிட்டுப் போனான். "அலியா" என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. யானை.

ஆறும்வரை காத்திருந்த பிறகு, மாமா ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு தண்ணீர் ஓடும் றப்பர் குழாய்களான ஓஸ்களை ஒவ்வொன்றாக விரலால் அமத்திப் பார்த்தார். மேலே இருந்தது இறுக்கமாக இருந்தது. ரேடியேற்றரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கீழ் ஓஸ், பழுத்த வாழைப்பழம்போல அமுங்கியது.

"நிக்கேக்க எல்லாம் சரியா இரிக்கு, ஓடேக்கதான் பிழைக்குது" என்றார் மாமா. "ஓடுற நேரம் எஞ்சினுக்குள்ள என்ன நடக்குதெண்டு பாக்கோணும். அக்கா, நான் அக்சிலேற்றரை மிதிக்கிறன். நீங்க டோர்ச் அடிச்சு அந்தக் கீழ் ஓஸைப் பாருங்க. கைய உள்ள விடாதீங்க."

அம்மா எஞ்சின் மூடிப் பக்கத்தில் முழங்காலிட்டு டோர்ச் அடித்தா. நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவவின் கழுத்துக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மாமா மிதித்தார். எஞ்சின் உறுமியது. பஸ் முழுக்க நடுங்கியது. வெளிச்சத்தின் நடுவில் அந்தக் கறுப்பு ஓஸ், யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சியதுபோல மெல்ல மெல்ல ஒட்டி, தட்டையாகிப் போனது. மாமா காலை எடுத்ததும் பழையபடி உருண்டு திரண்டது. அதற்கு உயிர் இருக்கிறது என்று எனக்கு உடம்பு கூசியது.

"ஏதும் தெரியுதா அக்கா?"

"இல்ல" என்றா அம்மா.

மாமா இன்னொரு முறை மிதித்தார். ஓஸ் மறுபடியும் ஒட்டியது. அம்மாவின் டோர்ச் அதைவிட்டு அசையவே இல்லை.

"ஒண்டும் இல்லையா?"

"ஒண்டும் தெரியல்ல தம்பி. திரும்பி ஊருக்குப் போவமா? மெல்லமா ஓடினா சூடேறாதுதானே?"

அம்மாவுக்குக் கண் சரியில்லை என்று நினைத்தேன். "மாமா, அது சப்பையாப் போகுது" என்றேன். "நீங்க மிதிக்கேக்க ஒட்டுது, விட்டா ஊதுது."

மாமா இறங்கி வந்து, என்னை மிதிக்கச் சொல்லித் தானே பார்த்தார். அவருடைய முகம் தெளிந்தது. ஓஸ் நைந்துவிட்டதென்றும், அது ஒட்டாமல் பிடிக்க உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பி உக்கிப் போயிருக்கும் என்றும், வேகத்தில் உறிஞ்சும்போது வழி அடைபட்டு எஞ்சினுக்குத் தண்ணீர் போவதில்லை என்றும் விளக்கினார். என் தலையைத் தடவினார். அம்மா டோர்ச்சை அணைத்துவிட்டு, வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றா.

புது ஓஸுக்கு அந்தக் காட்டில் எங்கே போவது. மாமா என்னுடைய படுக்கையைத் தூக்கினார். அதற்குக் கீழே மெத்தைக்காகப் போட்டிருந்த பழைய பஸ் இருக்கையைக் கிழித்து ஒரு சுருள் கம்பியை வெட்டி எடுத்து, ஓஸுக்குள் செருகும் அளவுக்குக் கட்டையில் சுற்றி ஒடுக்கமாக்கினார். பிறகு தண்ணீர் பிடிக்க ஒரு தகரப் பேசினையும் எடுத்துக்கொண்டு பஸ்சுக்கு அடியில் ஊர்ந்துபோய் ஓஸைக் கழற்றினார். தண்ணீர் பேசினுக்குள் சளசளவென்று விழுந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

காடு திடீரென்று அமைதியானதை அம்மாதான் முதலில் கவனித்தா. பிறகு தடி முறியும் சத்தம் கேட்டது. பஸ்சின் பின்பக்கம், வீதியோரப் பற்றைகளை விலக்கிக்கொண்டு ஒரு தனி யானை வந்து நின்றது. கொம்பு இல்லை. சேறு காய்ந்த முதுகு. எங்கள் கூரையளவு உயரம். எஞ்சினில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓஸ் மாமாவின் கையில் இருந்தது. மாமா நிலத்தில் மல்லாந்து கிடந்தார், அவருடைய கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அம்மா என் வாயைப் பொத்தினா. என்னையும் இழுத்துக்கொண்டு எஞ்சின் மூடியிடம் தவழ்ந்துபோய், திறந்திருந்த துவாரத்துக்குள் முகத்தை வைத்து, மூச்சுப்போல மெல்லிய குரலில் சொன்னா. "தம்பி, சத்தம் போடாத. ஆனை நிக்குது. காலை உள்ள எடு."

திரை இடுக்கால் பார்த்தேன். மாமாவின் கால்கள் ஆமைத் தலைபோல மெல்ல உள்ளே போயின. யானை நடந்து வந்தது. அது நடந்ததில் சத்தமே இருக்கவில்லை, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். என் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது. திரைக்கு அப்பால் அதன் மூச்சு கேட்டது. தும்பிக்கை பஸ்சின் பக்கத்தை உரசிக்கொண்டு கீழே இறங்கியது. தகரம் இழுபடும் சத்தம் வந்தது. பேசினை அது வெளியே இழுத்துவிட்டது. மாமாவை இழுக்கிறது என்று நினைத்து நான் அம்மாவின் கைக்குள்ளேயே கத்தினேன். சத்தம் வெளியே வரவில்லை. அம்மா என்னை இடுப்போடு இறுக்கிக்கொண்டு, "முருகா, முருகா" என்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தா. என்னுடைய உடுப்பு நனைந்துவிட்டது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பேசின் தண்ணீர் அதற்குப் பிடிக்கவில்லை. ஒருதரம் மோந்து பார்த்துவிட்டுக் காலால் தட்டிக் கவிழ்த்தது. பிறகு எங்களை மறந்துவிட்டதுபோல வீதியைக் குறுக்கே கடந்து அடுத்த பக்கக் காட்டுக்குள் போனது.

தடி முறியும் சத்தம் தூரப்போன பிறகு அம்மா துவாரத்துக்குள் கேட்டா. "தம்பி, உசிரோட இரிக்கியா?"

"ஓம் அக்கா." மாமா அழுதார் என்று நினைக்கிறேன்.

"அப்ப கெதியாப் பூட்டு. நேரம் போகுது" என்றா அம்மா. மாமா பூட்டி முடிக்கும்வரை அவவே பஸ்சுக்கு வெளியே இறங்கி நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. கூரைத் தாங்கியின் தண்ணீரை ரேடியேற்றருக்கு நிரப்பியதும் அவதான்.

வெலிக்கந்தை தாண்டி, மன்னம்பிட்டி தாண்டி, மாமா எவ்வளவு மிதித்தும் முள் நடுவை விட்டு அசையவில்லை. சுருள் இல்லாமல் பள்ளமாகிப்போன படுக்கையில் அம்மாவை ஒட்டிக்கொண்டு நான் தூங்கிப்போனேன். அம்மா தூங்கினாவா என்று எனக்குத் தெரியாது.

கண்விழித்தபோது விடிந்துகொண்டிருந்தது. பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் பஸ் நின்றது. ஆட்கள் தள்ளுவண்டிகளில் பைகளை அடுக்கிக்கொண்டு போனார்கள். அம்மா எனக்கு முகம் கழுவி, தலையைப் பின்னிவிட்டா. பின்னியதை அவிழ்த்து இன்னொருமுறை பின்னினா.

"நான் சொல்லாட்டி நாம இன்னும் அங்கதானே நிண்டிருப்பம், என்னம்மா?" என்று கேட்டேன்.

"ஓம் மனே" என்றா அம்மா. "அங்கதான் நிண்டிருப்பம்."

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறா என்பது அப்பாவுக்கும் மாமாவுக்கும், எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்று எனக்கும் என் தம்பிக்கும் மட்டும் மறைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்களை உள்ளே போய்த்தான் கூட்டிவர வேண்டும் என்றார் மாமா. நான் நம்பினேன். அம்மா அந்தப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவால் உள்ளே போனா. அந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு சின்ன மகள் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு யானைக் கதையை எந்தப் பாஷையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு, நான் அம்மாவுக்குச் சந்தோசமாகக் கை காட்டினேன்.