தக்பீர் கட்ட வந்த கை

அத்தா தொழப் பார்க்கிறார் என்று எனக்குத்தான் முதலில் தோன்றியது. ஐ.சி.யூ. கட்டில் கம்பியோடு அவருடைய இரண்டு மணிக்கட்டையும் துணிப்பட்டையால் கட்டியிருந்தார்கள். வாயில் சுவாசக் குழாய். கைகள் மட்டும் மேலே எழும்பி எழும்பி விழுந்தன. மற்றவர்களுக்கு அது திமிறல். மதரஸாவில் முதல் மார்க் வாங்கும் பத்து வயதுக்காரியான எனக்கு அது தக்பீர். தொழுகை தொடங்கும்போது கையைக் காதுவரை உயர்த்தி நெஞ்சில் கட்டுவோமே, அது.

நிமோனியாவுக்குச் சேர்த்த மச்சானுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மாமா அதற்குள் பாலக்கரை முழுக்கப் போனில் சொல்லியிருந்தார். அதனால் என் கண்டுபிடிப்பை அம்மா இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியாண்ணே, தெளிவாத்தான் இருக்காரு. உன்ன மாதிரி வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தொழுற ஆளா அவரு?"

டியூட்டியில் இருந்த சிஸ்டர் ஸ்ரீரங்கத்துக்காரர். "இங்க நிறைய பேர் இப்படிக் குழம்பிப் போவாங்கம்மா. குழாயப் பிடுங்கிடக் கூடாதுன்னுதான் கட்டுறோம்," என்றார் பொறுமையாக. நான் விடவில்லை. கட்டிலுக்கு எதிரே நின்று, கையைத் தூக்கித் தூக்கிக் கட்டிக் காண்பித்தேன்.

"கும்பிடுற கைய கட்டிப்போட்டா பெருமாள் என்னைச் சும்மா விடுவாரா? ஒரு கை, ரெண்டே நிமிஷம்." சிஸ்டர் வலது பட்டையை அவிழ்த்தார்.

கை காதுக்குப் போகவில்லை. வாய்க்குப் போனது. ஒரே இழுப்பு.

எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். குழாயை மறுபடி போட்டு, மயக்கத்திலேயே வைத்து, இன்னும் ஒன்பது நாள். அந்தச் சிஸ்டரை அப்புறம் அங்கே பார்க்கவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

எலும்பும் தோலுமாக வீடு வந்த அத்தாவின் கையை ஓடிப்போய்ப் பிடித்தேன். உருவிக்கொண்டார்.

"இதுவும் அவனுங்களோடதான் நின்னுச்சு," என்றார் அம்மாவிடம், மெதுவாக. "என்னைக் கட்டிப்போட்டுக் கொல்லப் பாக்குறானுங்க, இது எதிர்ல நின்னு கைய ஆட்டி ஆட்டிக் காட்டுது."

தொழுகையை வைத்துப் பொய் சொன்னதற்குக் கோபம் போல என்று நினைத்து, ஒரு மாதம் ஐந்து வேளையில் ஒரு வக்து விடாமல் தொழுதேன். அவர் அங்கே கண்டது வேறோர் அறை, அதில் அவரைக் கொல்ல நின்றவர்களில் நானும் ஒருத்தி என்பது எனக்கு எட்டவில்லை.

இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம். ஐ.சி.யூ. குழப்பத்தில் கண்டது நடந்ததாகவே மனதில் தங்கிவிடும் என்று நேற்று வகுப்பில் சொன்னார்கள். பாதி வகுப்பிலேயே எழுந்து பஸ் ஏறிவிட்டேன். பத்து வருஷமாக வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. இன்று அவர் மாலை அஸர் தொழுதுவிட்டு வந்ததும் கேட்கப் போகிறேன்: அங்கே வேறு என்னவெல்லாம் செய்தேன், அத்தா?