ஸ்டார் பட்டையும் மூன்று டயோடும்

பாப்பாரப்பட்டி பக்கத்து மரவள்ளிக் கிழங்கு மாவு ஆலையில் அரவை மோட்டார் நின்றுபோனது. உரிமையாளர் மாதப்பன் போனில் கத்தினார்.

"அக்கா, கெழங்கு புடுங்கி ரெண்டு நாளாச்சுங்க. இன்னைக்கு அரைக்கலீன்னா அத்தனையும் கறுத்துப் போயிரும். கெழங்கு போட்ட காட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இண்டூரில் இருபது வருடமாக மோட்டாரும் டிரைவும் பழுது பார்ப்பவள் நான். போய்ப் பார்த்தேன். மோட்டார் நன்றாக இருந்தது. அதற்குக் கரண்டை அளந்து கொடுத்து ஓட்டும் பெட்டியான டிரைவ்தான் கரிந்து கிடந்தது. அது ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார். உள்ளே சுழலும் ரோட்டரில் காந்தமும் இல்லை, காயிலும் இல்லை, வெறும் இரும்புப் பல். சுற்றியுள்ள காயில்களுக்கு ஒவ்வொன்றாகக் கரண்ட் கொடுத்தால் அவை பல்லை இழுத்து இழுத்துச் சுழற்றும். அதற்கென்று தனி டிரைவ் உண்டு. மோட்டார் கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"புது டிரைவ் வர மூணு வாரம் ஆகும் மேடம். சாதா இன்வெர்ட்டர்ல இது ஓடாது. வீணா கை வைக்காதீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஓட்டிக் காட்டறேங்க சார்" என்று போனை வைத்துவிட்டேன்.

பட்டறையிலிருந்து, வழக்கமான மோட்டார்களை ஓட்டும் ஒரு சாதா த்ரீ பேஸ் இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தேன். அதன் கன்ட்ரோல் கார்டைக் கழற்றிவிட்டு, இந்த வகை மோட்டாரைப் பழகிப் பார்க்க நானே ப்ரோக்ராம் எழுதி வைத்திருந்த கார்டை மாட்டினேன். மோட்டாரிலிருந்து, மூன்று காயிலுக்கும் இரண்டிரண்டு முனையாக, ஆறு ஒயர் வந்தது. ஆறு ஒயரைப் பார்த்தாலே எங்கள் ஆட்களின் கை தானாகப் பித்தளைப் பட்டையை எடுக்கும். மூன்று முனையைச் சேர்த்து ஸ்டார் கட்டிவிடும். நானும் கட்டினேன். ஆன் செய்ததும் மோட்டார் உறுமியது, குலுங்கியது, சுற்றவில்லை.

"ஐயோ அக்கா, மோட்டாரும் போயிருச்சுங்களா?" மாதப்பன் ஓடிவந்தார்.

"சும்மா இருங்க தம்பி. தப்பு என்னுது."

ஸ்டாரில் ஒரு காயிலுக்குள் போன கரண்ட் இன்னொரு காயில் வழியாகத்தான் திரும்பும். ஒன்று முன்னே இழுக்க, மற்றது பின்னே இழுத்திருக்கிறது. வெட்கமாகப் போயிற்று. பட்டையைக் கழற்றி எறிந்தேன். மூன்று காயிலையும் முக்கோணமாக, டெல்டாவில் கட்டி, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை ஒவ்வொரு காயிலோடும் சீரியஸில் வைத்தேன். இனி ஒரு காயிலின் கரண்ட் மற்றதற்குள் நுழைய முடியாது. அதற்கேற்ப ப்ரோக்ராமில் இன்வெர்ட்டரின் ஸ்விட்சுகள் இயங்கும் வரிசையையும் மாற்றினேன்.

மதியம் மறுபடி ஆன் செய்தேன். சுற்றியது! முக்கால் வேகம்தான், ஆனால் அரவைக்கு அது போதும். முதல் கூடைக் கிழங்கை மாதப்பனே கொட்டினார். "வெள்ளையா வருதுங்க அக்கா!" என்று கத்தினார். அன்று என்னைப் பிடிக்க ஆளில்லை.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனி டிரைவ் வந்தது. மாதப்பன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. "ஓடறதை எதுக்குங்க கழட்டணும்?" என்றார். இன்ஜினியர் மட்டும் போன் செய்து, டயோடை எந்தப் பக்கம் திருப்பி வைத்தேன் என்று கேட்டார். சொன்னேன். முதலில் ஸ்டார் கட்டியதையும் மறைக்காமல் சொன்னேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். பழகின கை பட்டையை எடுக்கும்போது, கரண்ட் எந்த வழியாகத் திரும்பும் என்று ஒரு தடவை பாருங்கள்.