அமாவாசையன்று ஒரு கருத்தரங்கு

பருவநிலை ஆய்வு என்று நகரத்திலிருந்து வந்த குழுவுக்கு நான் மொழிபெயர்ப்பாளன். வளைகுடா விசாவுக்காகக் காத்திருந்த வெட்டி நாட்களில் கிடைத்த வேலை. குழுவில் தமிழர்களும் இருந்தார்கள். வரப்பில் கால் வைத்ததும் அவர்களுக்குத் தமிழ் மறந்துவிடும்.

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு அக்காவைப் பிடித்தோம். கணவர் குவைத்தில், தெருவின் மற்ற ஆண்கள் திருப்பூரில். சம்பா வயலை அவர் ஒருவரே பார்த்துக்கொண்டார். வயலின் வடிகால் காயலில் போய் விழும். அமாவாசைக்குக் கடல் ஏறினால் உப்புத் தண்ணீர் அதே வழியில் திரும்பி வரும். அக்கா தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரிக்கத் தொடங்கியதும் பலகை செருகி, களிமண் அப்பி மடையை அடைப்பார். முன்கூட்டியே அடைத்தால் மழைத் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும், பிந்தினால் கருகும்.

குழுத் தலைவருக்குப் புல்லரித்துவிட்டது. பாரம்பரிய அறிவு, பாரம்பரிய அறிவு என்று மூன்று நாள் வீடியோ எடுத்தார். அதை அரசுக் கொள்கையில் சேர்க்கச் சொல்லித் திருவாரூர் ஓட்டலில் கருத்தரங்கு வைத்தார். தேதி, அமாவாசை. சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்க்கத் துப்பில்லாத மேதைகள்.

"அன்னிக்கு மடையை விட்டுட்டு எப்படி தம்பி வர்றது?" என்றார் அக்கா.

தலைவரிடம் சொன்னேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம். மதியத்துக்குள் கொண்டுவந்து விடுகிறோம் என்று கெஞ்சி, வேனில் ஏற்றியதும் நான்தான்.

சிறப்பு விருந்தினர் மதியம்தான் வந்தார். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அக்கா மேடையில் மணி கேட்டுக்கொண்டே இருந்தார். மடை அடைக்கும் நேரத்தை அறியும் அவருடைய ஞானத்தைப் பற்றி ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். கூசாமல் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நாங்கள் ஊர் திரும்பியபோது சாயங்காலம். வரப்பில் குனிந்து வயல் தண்ணீரை நாக்கில் வைத்த அக்கா, துப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் பயிர் நுனியிலிருந்து கருகியது. குழு ஓடி வந்தது, கேமராவோடு.

அறிக்கை வந்ததும் அக்காவிடம் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய வயல் முழுப் பக்கத்தில் இருந்தது. கீழே, 'பருவநிலை மாற்றத்தால் அழிந்த வயல்.' அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நான் அன்னிக்கு ஓட்டல்ல உக்காந்திருந்தேன்னு இதுல போடலீங்களா தம்பி?"

அதுவரை என்னை அவர் 'நீ' என்றுதான் சொல்வார். போடவில்லை. படத்துக்குக் கீழே இருந்த அந்த வரியைத் தமிழில் எழுதியவன் நான்தான்.