அக்காவுக்காக ஒதுக்கிய மீன்

மீன் எப்படி நீந்துகிறது என்று அளப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. கண்ணாடித் தொட்டியில் தண்ணீரை ஆறு மாதிரி ஓடவிட்டு, அதை எதிர்த்து நீந்தும் மீனைக் கேமராவில் பிடிப்போம். வருடத்தில் ஒருநாள் பொதுமக்களை உள்ளே விடுவோம். "மீனுக்கு நீச்சல் சொல்லித் தர்றீங்களா சார்?" என்பார்கள். எரிச்சலாக வரும்.

இந்த வருடம் ஊரின் மறுகோடியிலுள்ள வைட்ஃபீல்டிலிருந்து அக்கா வருவதாகச் சொல்லியிருந்தாள். என் வேலையை வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. களைத்த மீன் அன்றைக்கு மறுபடி ஒழுங்காக நீந்தாது. அதனால் நன்றாக நீந்தும் ஒன்றை யாருக்கும் காட்டாமல் அவளுக்காக வைத்திருந்தேன்.

மூடும் நேரத்தில் போன் செய்தாள். "டிராஃபிக்ல மாட்டிக்கிட்டோம்டா. பசங்க ஒரே அழுகை. அப்படியே மாலுக்கு வந்துட்டோம். மீனுதானே, வீடியோ எடுத்து அனுப்பிடு."

எல்லோரும் போனபின் அந்த மீனை ஓட்டத்தில் விட்டேன். தலை அசையாமல், வாலை மட்டும் வீசி, அவ்வளவு அழகாக நீந்தியது. கோபத்தில் கேமராவைப் போடவில்லை. "பாருங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்க ஆள் இல்லை.